பசுந்தாள் உர விதை வாங்கப் போகிறீர்களா? மூட்டைக்கு மூட்டை ஒரு மதிப்பீடு

கடையில் யூரியா கேட்டால் யூரியாதான் கிடைக்கும். எந்த மூட்டையை எடுத்தாலும் சரக்கு ஒன்றே. வயலிலேயே வளர்த்து, பச்சையாகவே மண்ணோடு மடக்கி உழும் பயிருக்கான பசுந்தாள் உர விதை அப்படியல்ல. ஒரே பெயர் எழுதிய இரண்டு மூட்டைகளில் ஒன்று 45 நாளில் வயலைக் காடாக்கிவிடும். மற்றது அங்கொன்றும் இங்கொன்றுமாய் முளைத்து, நடுவில் கோரைக்கு இடம் விட்டுக்கொடுக்கும். மீளுருவாக்க வேளாண்மை, உயிர்வேளாண்மை, இயற்கை விவசாயம் என்று எந்தப் பெயரில் தொடங்கினாலும் பெரும்பாலானோர் காசு கொடுத்து வாங்கும் முதல் பொருள் இந்த விதைதான். அதனால் சந்தையில் கிடைக்கும் தக்கைப்பூண்டு, சணப்பை, கொழிஞ்சி, நரிப்பயறு, சீமை அகத்தி, பிறகு இப்போது பொட்டலமாகவே விற்கும் பலதானியக் கலவை ஆகியவற்றை எடுத்து, எது எந்த நிலத்தில் காசுக்குத் தகும் என்று பார்க்கலாம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. நெல் வயலுக்குத் தக்கைப்பூண்டை மிஞ்ச ஒன்றும் இல்லை. மேட்டு நிலத்துக்கும் தோப்புக்கும் சணப்பை. தண்ணீரே இல்லாத இடத்தில் கொழிஞ்சி. பொட்டலப் பலதானியத்துக்குக் கொடுக்கும் காசில் பாதி வீண். ஆனால் இந்தத் தரவரிசையைவிட முக்கியமானவை இரண்டு: விதையின் முளைப்புத் திறன், மடக்கி உழும் நாள். இரண்டிலும் தவறினால் எந்த விதை வாங்கியும் பயனில்லை.

தழைச்சத்துக் கணக்கு மட்டும் போட்டால் தோற்றுப்போகும்

விதை விற்பவர்கள் சொல்லாத கணக்கு ஒன்று உண்டு. நன்றாக வளர்ந்த தக்கைப்பூண்டு ஏக்கருக்கு 8 டன் பச்சை எடை தரும் என்று வைத்துக்கொள்வோம். அதில் 80 சதவீதம் தண்ணீர். மிஞ்சும் காய்ந்த எடை 1.6 டன். அதில் தழைச்சத்து (நைட்ரஜன்) 2 முதல் 2.5 சதவீதம், அதாவது 32 முதல் 40 கிலோ. 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றில் இருக்கும் தழைச்சத்து 20.7 கிலோ, மானிய விலை 266 ரூபாய் 50 காசு. ஆக, செடி தரும் தழைச்சத்து கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் மூட்டை யூரியா. ரூபாயில் 500-ஐ ஒட்டியே நிற்கும். தக்கைப்பூண்டு விதையோ கிலோ நூறு ரூபாயை ஒட்டியே விற்கிறது. பட்டத்துக்குப் பட்டம், அதாவது விதைப்புப் பருவத்துக்குப் பருவம், ஏறி இறங்கும். ஏக்கருக்கு 20 கிலோ என்றால் விதைக்கு மட்டும் 2,000 ரூபாய். பாதி மானியம் கிடைத்தாலும் ஆயிரம். இதோடு விதைப்புக்கு ஒரு உழவு, மடக்க ஒரு உழவு.

"யூரியா செலவு மிச்சம்" என்ற ஒரே காரணத்துக்காக வாங்குவதாக இருந்தால் வாங்க வேண்டாம். யூரியாவுக்கு அரசு கொடுக்கும் மானியம் அவ்வளவு பெரியது. அதோடு விதை போட்டியிட முடியாது. இந்த விதைக்குக் கொடுக்கும் காசு வேறு வேலைகளுக்கு. கோடையில் வெறுமனே காயும் மண்ணுக்கு நிழல். கோரையும் அருகும் தலையெடுக்காமல் அமுக்குவது. பயிரின் வேர் எட்டாத ஆழத்திலிருந்து சாம்பல் சத்தை (பொட்டாசியம்) மேலே கொண்டுவருவது. டிராக்டர் சக்கரம் ஏறி இறுகிய அடிமண்ணில் ஆணிவேர் துளைபோடுவது. மண்புழுவுக்கும் நுண்ணுயிருக்கும் தீனி. இவை எதுவும் யூரியா மூட்டையில் கிடைக்காது.

இன்னொரு விளம்பர வாக்கையும் எடைபோட வேண்டும்: "ஒரே பட்டத்தில் கரிமச்சத்து இரட்டிப்பு." ஒரு ஏக்கரில் மேல் 15 செ.மீ. மண்ணின் எடை ஏறக்குறைய 900 டன். அதில் கரிமத்தை 0.1 சதவீதம் உயர்த்த 900 கிலோ கரிமம் மண்ணிலேயே தங்க வேண்டும். 1.6 டன் காய்ந்த தழையில் இருப்பதே 670 கிலோதான். இளந்தழை நம் வெயிலில் வேகமாக மக்கிக் காற்றோடு போய்விடும். ஓராண்டு கழித்து நூறு கிலோ தங்கினாலே பெரிது. அதாவது 0.01 சதவீத உயர்வு. மண் பரிசோதனை அறிக்கையில் அது கண்ணுக்கே தெரியாது. 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் குறைவு, 0.75-க்கு மேலே போனால் அதிகம் என்பது ஆய்வகக் கணக்கு. கீழேயிருந்து மேலே ஏற வருடக்கணக்கில் தொடர வேண்டும். தொழுவுரமும் வைக்கோலும் கூடச் சேர வேண்டும். ஆனால் மண்ணின் பொலபொலப்பு மட்டும் முதல் பட்டத்திலேயே மாறும். மண்வெட்டி இறங்கும் விதத்திலேயே அது தெரிந்துவிடும்.

தக்கைப்பூண்டு: நெல்லுக்குத் தோழன்

விதை சிறியது, உருளை வடிவம், பச்சை கலந்த பழுப்பு நிறம். புது விதையில் ஒரு மினுமினுப்பு இருக்கும். பழையது கருத்து மங்கிக் கிடக்கும். ஏக்கருக்கு 20 கிலோ என்பது பலருக்கு அதிகமாகத் தெரியும். பத்து கிலோவில் முடித்துக்கொள்ளப் பார்ப்பார்கள். இது தவறான சிக்கனம். செடி நெருங்கி நின்றால்தான் தண்டு பென்சில் பருமனில் மெலிந்து உயரும், சேற்றில் நாலே நாளில் அழுகும். இடைவெளி கிடைத்தால் கிளைவிட்டு, தண்டு கட்டைவிரல் பருமனாகி, நாற்பதாம் நாளே விறகாகத் தொடங்கும். பச்சை எடை என்னவோ அதே அளவுதான் வரும். ஆனால் அது மக்காது, நடவாட்களின் காலைக் குத்தும்.

களர் மண்ணில், அதாவது சோடிய உப்பு ஏறிய மண்ணில், இதற்கு இணையில்லை. திருச்சிப் பக்கம் உள்ள களர் நிலங்களில் ஜிப்சம் போட்டுத் தண்ணீர் கட்டி வடித்தபின் முதல் பயிராக இதைத்தான் விதைக்கச் சொல்வார்கள். நெல்லே வெளிறிப்போகும் மண்ணில் இது பச்சைகட்டி நிற்கும். வேர் மண்ணைத் திறந்துவிடுவதால் உப்பு கீழே இறங்க வழி கிடைக்கிறது. வளர்ந்த செடி தேங்கிய தண்ணீரையும் தாங்கும். ஆனால் "தக்கைப்பூண்டு தண்ணீர் தாங்கும்" என்பதை நம்பி, முளைக்கும் முன்பே வயலில் தண்ணீர் நிறுத்துவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை. விதை அழுகிவிடும். முதல் இரண்டு மூன்று வாரம் ஈரம் மட்டும் போதும்.

விதைப்பு சுலபம். ஒரு சால் உழுது, ஈரம் இருக்கும்போது கைவீச்சாகத் தூவி, பலகையோ முள்கொத்தோ இழுத்து ஓர் அங்குல ஆழத்துக்கு மூடினால் போதும். ஆழமாகப் புதைந்த விதை மேலே வராது. மூடாமல் விட்டால் எறும்பும் புறாவும் பொறுக்கிவிடும். டெல்டாவில் குறுவைக்கு முன் சித்திரையில் விழும் கோடை மழை இதற்கென்றே வருவதுபோல வரும். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து தண்ணீர் கடைமடைக்கு வந்துசேரும் நேரத்தில் செடி மடக்கும் பக்குவத்தில் நிற்கும். ஒருபோகச் சம்பா நிலத்தில் ஆடிவரை அவகாசம் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் விதைத்தால் மட்டும் ஏமாற்றம்தான். பகல் குறுகிய மாதங்களில் செடி உயராமலே சீக்கிரம் பூத்துவிடும்.

நெல்லுக்குப் போட வேண்டிய மணிச்சத்தை (பாஸ்பரஸ்) நெல்லுக்கே வைத்துக்கொள்ளாமல், சூப்பர் பாஸ்பேட்டாகவோ ராக் பாஸ்பேட்டாகவோ பசுந்தாள் விதைப்பிலேயே போடுவது நல்ல பழக்கம். வேர் முடிச்சு கட்ட மணிச்சத்து தேவை; மடக்கியபின் அது எங்கும் போகாது, நெல்லுக்கே திரும்பி வரும்.

முடிச்சு வேலை செய்கிறதா என்று பார்க்க ஆய்வகம் வேண்டாம். முப்பதாம் நாள் நான்கைந்து செடிகளை மண்வெட்டியால் வேரோடு பெயர்த்தெடுங்கள். இழுத்துப் பிடுங்கினால் முடிச்சு மண்ணிலேயே உதிர்ந்துவிடும். வேரைத் தண்ணீரில் அலசி, பெரிய முடிச்சு ஒன்றை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக, வெட்டிய கறிபோல இருந்தால் காற்றிலிருந்து தழைச்சத்து பிடிக்கிறது என்று பொருள். வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் முடிச்சு உண்டு, வேலை இல்லை. அப்படிப்பட்ட வயலில் செடி மண்ணில் ஏற்கெனவே இருந்த தழைச்சத்தைத்தான் உறிஞ்சித் திருப்பித் தரும். புதிதாக ஒன்றும் சேராது. இதுவரை தக்கைப்பூண்டே போடாத நிலத்தில் இப்படி நேரும். மருந்து, விதைநேர்த்திதான். வேர்முடிச்சு கட்டும் நுண்ணுயிரான ரைசோபியம் 200 கிராம் பொட்டலத்தை ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து விதையைப் புரட்டி, அரைமணி நேரம் நிழலில் உலர்த்தி விதைக்க வேண்டும். உளுந்துக்கு என்று எழுதிய பொட்டலம் இதற்கு உதவாது. பயிரின் பெயரைச் சொல்லிக் கேட்டு வாங்க வேண்டும்.

மூட்டையைப் பிரிக்கும் முன்

நீல அட்டை தைத்திருந்தால் சான்று விதை. பச்சை அட்டை என்றால் உண்மைநிலை விதை. அதன் தரத்துக்கு உற்பத்தி செய்தவரே பொறுப்பு. பசுந்தாள் விதையில் பெரும்பாலும் கிடைப்பது இரண்டாவது வகையே. அட்டையில் முதலில் பார்க்க வேண்டியது முளைப்புத் திறனைச் சோதித்த தேதி. அந்தத் தேதியிலிருந்து ஒன்பது மாதம்தான் செல்லும். அட்டையே இல்லாமல் சாக்கில் அளந்து கொடுக்கும் விதை மலிவாக இருக்கும். அது மாட்டுத் தீவனக் கழிவிலிருந்து சலித்ததா, மூன்று வருடம் கிடங்கில் கிடந்ததா என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாது.

வீட்டிலேயே சோதித்துவிடலாம். மூட்டையின் மேல், நடு, அடி என மூன்று இடத்திலிருந்து எடுத்துக் கலந்து, பொறுக்காமல் நூறு விதை எண்ணுங்கள். பொறுக்கினால் நல்ல விதையாகத்தான் கை எடுக்கும். நனைத்துப் பிழிந்த சாக்குத் துணியில் பரப்பிச் சுருட்டி, நிழலில் வைத்து, காலையும் மாலையும் தண்ணீர் தெளித்துவாருங்கள். ஏழாம் நாள் எண்ணினால் முளைப்புச் சதவீதம் கையில். 80 முளைத்தால் 20 கிலோ போதும். 60 என்றால் 26, 27 கிலோ தேவை. அப்போது மலிவு விலை மலிவாக இருக்காது. 50-க்குக் கீழே என்றால் திருப்பிக் கொடுத்துவிடுவதே சரி. முளைக்காமல், ஊறாமல் கல்போலக் கிடக்கும் விதைகளை மட்டும் தனியே எடுத்து நகத்தால் கீறி மறுபடி நனைத்துப் பாருங்கள். அவை முளைத்தால் விதை செத்ததல்ல, தோல் கெட்டி. ஓர் இரவு ஊறவைத்து விதைத்தால் ஓரளவு சரியாகும்.

ரசீதில் குவியல் எண் (லாட் நம்பர்) எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முளைக்காத விதைக்கு விதை ஆய்வாளரிடம் புகார் கொடுக்க அந்த எண் வேண்டும். வாங்கும் அளவு பெரிதாக இருந்தால் மாவட்டத்திலுள்ள விதைப் பரிசோதனை நிலையத்தில் பணி விதை மாதிரியாகக் கொடுத்துச் சிறு கட்டணத்தில் முடிவு வாங்கலாம்.

மானிய விதைக்கு வேளாண் விரிவாக்க மையம். 2024-ல் அறிவிக்கப்பட்ட "மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்" திட்டத்தில் பசுந்தாள் உரப் பயிர்களுக்கென்றே ஒரு பகுதி உண்டு. உழவன் செயலியில் பதிந்து, ஆதாரும் சிட்டாவும் கொண்டுபோனால் வேலை ஆகும். விதை பொதுவாக நன்றாகவே இருக்கும். சிக்கல், வந்துசேரும் தேதியில்தான். சித்திரை மழைக்கு விதைக்க வேண்டியவருக்கு வைகாசிக் கடைசியில் விதை கிடைத்தால், மானியம் மிச்சப்படுத்திய ஆயிரம் ரூபாயை விடப் பறிபோன ஈரத்தின் விலை அதிகம். மாசியிலேயே கேட்டு வைப்பது நல்லது. இல்லையென்றால் அந்தப் பட்டத்துக்கு வெளியே வாங்கிவிடுவதே லாபம்.

மடக்கும் நாள்

விதைக்குக் கொடுத்த காசு திரும்பி வருவதும் வராததும் இந்த ஒரு நாளில் இருக்கிறது. 40 முதல் 45 நாள், மொட்டு கட்டி முதல் பூ அங்கங்கே தலைகாட்டும் பக்குவம். அதற்கு முன் மடக்கினால் எடை இருக்காது. 60 நாளைத் தாண்டினால் தண்டு நாராகி, ரோட்டவேட்டர் எனும் சுழல்கலப்பையின் கத்தித் தண்டில் சேலைபோலச் சுற்றிக்கொள்ளும். ஓட்டுநர் அரைமணிக்கு ஒருமுறை இறங்கி அரிவாளால் அறுத்தெடுப்பார். மணிக்கூலி உங்கள் கணக்கில் ஓடும். கெட்டித் தண்டு மக்கும்போது இன்னொரு கேடும் செய்யும். நுண்ணுயிர்கள் அதைத் தின்னத் தழைச்சத்து போதாமல் மண்ணில் இருப்பதையும் எடுத்துக்கொள்ளும். பசுந்தாள் போட்டும் நட்ட நாற்று வெளிறி நிற்கிறதே என்று கேட்பவர்களின் வயலில் பெரும்பாலும் நடப்பது இதுதான்.

வயலில் ஓர் அங்குலம் தண்ணீர் நிறுத்தி, கேஜ் வீல் (இரும்புக் கூண்டுச் சக்கரம்) கட்டிய டிராக்டரால் ஒருமுறை அமுக்கிச் சாய்த்துவிட்டுப் பிறகு ரோட்டவேட்டர் விட்டால் சுற்றல் குறையும். மழை தள்ளிப்போய், தண்ணீர் வராமல் செடி முற்றிவிட்டதென்றால் நேரே உழ வேண்டாம். முதலில் நுனியிலிருந்து பாதி உயரத்துக்கு அறுத்து அங்கேயே போட்டு, இரண்டு நாள் வாடவிட்டு உழுங்கள்.

மடக்கியதிலிருந்து நடவுக்கு ஏழு முதல் பத்து நாள் இடைவெளி வேண்டும். அவசரப்பட்டு மறுநாளே நட்டால் சேற்றில் காலை வைத்ததும் குமிழி பொங்கும், அழுகிய முட்டை நாற்றம் வரும். நாற்றின் வேர் வெள்ளையாகப் புதுவேர் விடாமல் பழுப்பேறி நிற்கும். இதற்கு உரமோ மருந்தோ தேட வேண்டியதில்லை. தண்ணீரை வடித்து, மண்ணில் மயிரிழை வெடிப்பு தெரியும்வரை காற்றாடவிட்டால் ஐந்தாறு நாளில் தேறிவிடும்.

சுற்றுச்சூழல் நன்மை பேசுபவர்கள் தாண்டிப்போகும் இடமும் இதுவே. பச்சைத் தழையை மடக்கி வயலில் மாதக்கணக்கில் தண்ணீர் கட்டினால் மீத்தேன் அதிகமாக வெளிவரும். யூரியாவைக் குறைத்ததால் கிடைத்த நன்மையில் ஒரு பங்கை இது தின்றுவிடும். அதனால் பசுந்தாள் போடும் நெல்லுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீர் கட்டுவது கட்டாயம் என்றே கொள்ள வேண்டும். தண்ணீரும் மிச்சம், வேருக்கும் காற்று.

அடியுர யூரியாவை விட்டுவிடலாம். மேலுரத்தை நாள் கணக்கில் போடாமல் இலையின் பச்சையை எண்ணிட்ட நிறப்பட்டைகளோடு ஒப்பிடும் இலை வண்ண அட்டையை வைத்துப் பார்த்துப் போடுங்கள். வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4. அதற்குக் கீழே நிறம் இறங்கினால் மட்டும் உரம். பசுந்தாளும் மடக்கி, பழைய கணக்கில் யூரியாவும் கொட்டினால் பயிர் கருகருவென்று நிற்கும், பார்க்க அழகாகவும் இருக்கும். பின்னாலேயே இலைச்சுருட்டுப்புழுவும் குலைநோயும் வரும். கதிர் முற்றும்போது ஒரு காற்றுக்குச் சாய்ந்துவிடும்.

சணப்பை: உழாமலும் பயன்படுத்தலாம்

ஏக்கருக்கு 12 முதல் 15 கிலோ. கருஞ்சாம்பல் நிற விதை, பயறுபோல ஒரு பக்கம் குழிந்திருக்கும். மூன்றாம் நாளே முளைத்துவிடும் வேகம் இதன் பலம். களை எழும் முன் இது எழுந்துவிடும். பலவீனம், தண்ணீர் தேக்கம். வடிகால் இல்லாத களிமண்ணில் இரண்டு நாள் தண்ணீர் நின்றால் வேர் அழுகிச் சாயும். வேர்முடிச்சு நூற்புழு இருக்கும் காய்கறி நிலத்துக்கும், கரும்புப் பாரின் நடுவே ஊடுபயிராகவும் இதுவே முதல் தேர்வு. கயிறு திரிக்கும் நார்ப்பயிர் என்பதை மறக்கக் கூடாது: பூத்து முடிந்தபின் ரோட்டவேட்டரை உள்ளே விட்டால் மேலே சொன்ன சேலைக் கதை இரண்டு மடங்காகும்.

ஆனால் அந்த நாரே தோப்பில் வரம். மீளுருவாக்க வேளாண்மையின் முதல் பாடம் மண்ணைக் கிளறாதே என்பது. பசுந்தாளை மடக்கி உழுவது அந்தப் பாடத்துக்கு நேர்மாறு. உழவு ஒவ்வொன்றும் பூஞ்சை இழைகளை அறுத்துப்போடுகிறது. அமெரிக்காவின் இயற்கை வேளாண் ஆய்வு அமைப்பான ரோடேல் நிறுவனம் செடியை உருளையால் நசுக்கிப் படுக்கவைத்து, அதன் மேலேயே அடுத்த பயிரை விதைக்கும் முறையைப் பரப்பியது. அந்த உருளை இங்கே சுலபமாகக் கிடைப்பதில்லை. பிரஷ் கட்டர் போதும். சணப்பை முழுவதும் பூத்தபின் தரையோடு அறுத்து அப்படியே மூடாக்காகப் பரப்பினால் இரண்டு மாதத்துக்குக் குறையாமல் தாங்கும். மொட்டுப் பருவத்தில் அறுத்தது மூன்று வாரத்தில் காணாமல் போகும். இளசு மண்ணுக்குச் சோறு, முற்றல் மண்ணுக்குப் போர்வை. எது வேண்டும் என்று முடிவு செய்துவிட்டு அரிவாளை எடுக்க வேண்டும்.

தென்னைக்கு இது மிக மலிவான முறை. வட்டப்பாத்தியில் மரத்துக்கு 50 கிராம். ஏக்கருக்கு எழுபது மரம் என்றால் மொத்தம் மூன்றரை கிலோ விதை. சணப்பை, தக்கைப்பூண்டு, கொழிஞ்சி, கலப்பகோனியம் என்ற படரும் கொடி எதுவும் ஆகும். பாத்தியில் எப்படியும் பாயும் தண்ணீரிலேயே வளர்ந்துவிடும். உரமாக வேண்டுமென்றால் பூக்கும் முன் அறுத்துப் பாத்திக்குள் போட்டு மண் அணைக்கலாம். மூடாக்காக என்றால் பூக்கவிட்டு அறுக்கலாம். இந்தப் பட்டியலில் கொடுத்த காசுக்கு அதிகம் திரும்பத் தருவது எது என்று கேட்டால் இந்த மூன்றரை கிலோதான்.

கம்பளிப்புழு ஒன்று சணப்பையைத் தேடி வரும். உரத்துக்கென விதைத்ததற்கு மருந்தடிக்க வேண்டாம். இலை பாதி போவதற்குள் அறுத்துவிட்டால் போதும்.

கொழிஞ்சியும் மற்றவையும்

கொழிஞ்சியை முதல் வருடத்தில் மதிப்பிடக் கூடாது. மெதுவாக வளரும், பச்சை எடை தக்கைப்பூண்டில் மூன்றில் ஒரு பங்குகூட வராது, விதைத்தோல் கல். 55 டிகிரி வெந்நீரில் இரண்டு மூன்று நிமிடம் போட்டெடுத்தோ, ஆற்றுமணலோடு உரலில் லேசாக இடித்தோ விதைத்தால்தான் சீராக முளைக்கும். ஏக்கருக்கு 6 முதல் 8 கிலோ. ஆனால் ஆடு மாடு வாய் வைக்காது. வேலியில்லாத நிலத்தில் இது எவ்வளவு பெரிய வசதி என்பது மேய்ச்சல் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். கொஞ்சம் காய்க்கவிட்டால் விதை உதிர்ந்து மறுவருடம் தானாக எழும். மணற்பாங்கான நிலத்துக்கு ஒருமுறை வாங்கினால் பிறகு கடைக்குப் போக வேண்டியதில்லை.

நரிப்பயறு, பில்லிபெசரா என்று கேட்டாலும் கொடுப்பார்கள். ஏக்கருக்கு 4 முதல் 6 கிலோ. களிமண்ணில் நெல் அறுத்த ஈரத்திலேயே படர்ந்துவிடும். ஒருமுறை மாட்டுக்கு அறுத்துக்கொண்டு, மறுபடி துளிர்த்ததை உரமாக மடக்கலாம். கறவை மாடு வைத்திருப்பவர்களுக்கு இதுவே பொருத்தம். ஒரு எச்சரிக்கை: நெல் தரிசில் உளுந்தோ பயறோ நன்றாக விளையும் வயலாக இருந்தால் அதை விட்டுவிட்டுப் பசுந்தாளுக்குப் போக வேண்டாம். உளுந்தும் வேர்முடிச்சுப் பயிர்தான், கையில் காசும் தரும்.

சீமை அகத்தி (செஸ்பேனியா ரோஸ்ட்ராட்டா) ஆப்பிரிக்காவின் செனகலிலிருந்து வந்தது. வேரில் மட்டுமல்லாமல் தண்டிலும் முடிச்சு கட்டுவது இதன் தனிச்சிறப்பு. தண்ணீர் தேங்கிய வயலிலும் தழைச்சத்து பிடிப்பது நிற்காது. படிக்க அருமையாக இருக்கும். வாங்கிய பிறகுதான் தொல்லை. விதைத்தோல் கெட்டி என்பதால் அடர் கந்தக அமிலத்தில் நேர்த்தி செய்ய வேண்டும். அது வீட்டுத் திண்ணையில் செய்யும் வேலை அல்ல. நேர்த்தி செய்த விதை என்று உறுதியாகச் சொன்னால் மட்டும் வாங்கலாம். மாசி முதல் ஆடிவரைதான் வளரும்.

பலதானியப் பொட்டலம்

இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் வழியில் வந்தவர்கள் தமிழ்நாடெங்கும் பரப்பிய முறை இது. தானியம், பயறு, எண்ணெய் வித்து, பசுந்தாள், நறுமணப் பயிர் என ஐந்து வகையில் நான்கு நான்காக இருபது விதை. ஏக்கருக்கான பரவலான கணக்கு: சோளம் 1 கிலோ, கம்பு அரை, தினையும் சாமையும் கால் கால், உளுந்து, பாசிப்பயறு, தட்டைப்பயறு, கொண்டைக்கடலை தலா 1, எள் அரை, நிலக்கடலை, சூரியகாந்தி, ஆமணக்கு தலா 2, தக்கைப்பூண்டு 2, சணப்பை 2, நரிப்பயறு அரை, கொள்ளு 1, கடுகு அரை, வெந்தயம் கால், சீரகம் கால், கொத்தமல்லி 1. கூட்டினால் 20 கிலோ.

முறையில் குறையில்லை. சோளமும் கம்பும் சல்லிவேரால் மேல்மண்ணைக் கோக்கும், ஆமணக்கு ஆழம் போகும், பயறு தழைச்சத்து தரும், எது தோற்றாலும் வேறொன்று இடத்தை நிரப்பும். பல வருடம் ஒரே பயிர் போட்டு, ரசாயனத்தில் களைத்துப்போன மேட்டு நிலத்தை மாற்றத் தொடங்கும் முதல் பட்டத்துக்குத் தக்கைப்பூண்டைவிட இதுவே மேல். குறை, அதைக் கலந்து கட்டி விற்கும் பொட்டலத்தில். நிலக்கடலையும் கடுகும் ஒரே பையில் குலுங்கி வந்தால் சிறுவிதை எல்லாம் அடிக்குப் போய்விடும். கை போட்டு அள்ளி வீசும்போது வயலின் ஒரு மூலையில் கடலையும் ஆமணக்கும், கடைசி மூலையில் வெறும் எள்ளும் கடுகும். ஆழமும் ஒத்துவராது: கடலை இரண்டு அங்குலம் கேட்கும், எள் அரை அங்குலத்துக்கு மேல் புதைந்தால் எழாது. உடைத்த பருப்பும் வறண்ட பழைய கொத்தமல்லியும் எடைக்குச் சேர்ந்திருப்பதும் உண்டு.

தனித்தனியே வாங்கிக் கலப்பதே சரி. பெரிய விதைகளை முதலில் வீசி ஒரு சால் ஓட்டி மூடுங்கள். பிறகு சிறுவிதைகளை நான்கு பங்கு மணலோடு கலந்து, வயலை இரண்டாகப் பிரித்து, பாதிக்குப் பாதி கணக்காகத் தூவிப் பலகை இழுங்கள். கொத்தமல்லியை லேசாகத் தேய்த்து இரண்டாக உடைக்காமல் போட்டால் பாதி முளைக்காது. சீரகம் சமவெளி வெயிலில் எழுவது அபூர்வம். அந்தக் காசை விட்டுவிடலாம். கொண்டைக்கடலைக்கும் வெந்தயத்துக்கும் குளிர் வேண்டும். சித்திரை விதைப்பில் அதற்குப் பதிலாகத் தட்டைப்பயறையும் கொள்ளையும் கூட்டுங்கள். சூரியகாந்தி, மக்காச்சோளம் என்று கடையில் சிவப்பு, இளஞ்சிவப்புச் சாயம் ஏறிய விதை கொடுத்தால் வாங்க வேண்டாம். அது பூஞ்சைக்கொல்லி பூசியது. மண்ணுயிரை வளர்க்கத்தானே இந்தப் பாடு?

தண்ணீர் தேங்கும் வயலில் முதலில் எள் போகும், அடுத்து பயறு. கடைசியில் தக்கைப்பூண்டும் சோளமும் மட்டுமே நிற்கும். அப்படிப்பட்ட நிலத்துக்கு இருபது விதை வாங்குவது வீண் செலவு. ஆழ்துளைக் கிணற்றை நம்பியிருக்கும் இடத்தில் இன்னொரு கணக்கும் உண்டு: மழை இல்லையென்றால் எந்தப் பசுந்தாளுக்கும் இரண்டு மூன்று தண்ணீர் பாய்ச்ச வேண்டும். அடுத்த பயிருக்கான தண்ணீரை இதற்கே இறைத்துவிட்டு நிற்பதைவிட, மழையை எதிர்பார்த்து, கொள்ளையும் நரிப்பயறையும் மட்டும் தூவுவது மேல்.

ஒருமுறை வாங்கினால் போதுமா?

தக்கைப்பூண்டுக்கும் சணப்பைக்கும் போதும். இரண்டும் கலப்பின ரகமல்ல. எடுத்த விதையே அடுத்த பட்டத்துக்கு ஆகும். மடக்கும்போது ஓரமாகப் பத்து சென்ட்டை விட்டுவையுங்கள். அந்தப் பகுதியில் நெருக்கத்தைக் கலைத்து, அடிக்கு ஒரு செடி நிற்கும்படி விட்டால் கிளைத்துக் காய்க்கும். விதைத்ததிலிருந்து ஐந்து மாதம்வரை நிலம் அடைபட்டிருக்கும் என்பதுதான் விலை. 15 முதல் 20 கிலோ விதை வரும். ஒரு ஏக்கருக்குக் கிட்டத்தட்டச் சரி. காய் எல்லாம் பழுக்கும்வரை காத்திருந்தால் அடிக்காய் வெடித்து விதை கொட்டி, அடுத்த நெல்லில் களையாக எழும். முக்கால்வாசி பழுப்பேறியதும் காலைப் பனியோடு அறுத்துத் தார்ப்பாயில் காயவைத்து அடித்தெடுங்கள். நன்றாகக் காய்ந்த விதையைப் பல்லில் கடித்தால் "டிக்" என்று உடையும். நசுங்கினால் இன்னும் ஒரு வெயில் வேண்டும். அடித்தபின் மிஞ்சும் தட்டையை எரிக்க வேண்டாம், அவரைக்கும் பாகலுக்கும் கொம்பாக ஊன்றலாம்.